பால்கனி முதலாளி

மழைக்காலம் வந்தாயிற்று, துணி காயவில்லை. டோக்கியோவின் நிஷிகசாயில் எல்லார் வீட்டுப் பால்கனியிலும் எப்போதாவது எட்டிப் பார்க்கும் வெயிலில் துணி காயும். எங்கள் வீட்டில் பைன் மரம் காயும். வெயில் விழுகிற அந்த ஒரு மூலையை இந்தத் தொட்டிப் போன்சாய்த் துரைக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகளின் யூனிஃபார்ம், அத்தையின் ஒன்பது கஜம், என் சுடிதார் எல்லாம் ஹாலில் தொங்குகின்றன. துரையின் உயரம் ஒரு முழம்கூட இல்லை.

"மரத்தை உள்ளே வைத்தால் என்ன?" என்று கேட்டுவிடக் கூடாது. பைன் வெளியில்தான் நிற்க வேண்டும், குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்ந்தால்தான் அது ஓய்வெடுக்கும், அப்போதுதான் வசந்தத்தில் ஒழுங்காகத் தளிர் விடும் என்று என் வீட்டு ரங்கமணி வகுப்பை ஆரம்பித்துவிடுவார். மரம் ஓய்வெடுக்கட்டும், எனக்கும் அதே சலுகை உண்டா என்பதற்கு மட்டும் வகுப்பில் பதில் இல்லை.

எல்லாம் டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஓமியாவில் இருக்கும் போன்சாய் கிராமத்துக்குப் போன வினை. வருடாவருடம் மே 3 முதல் 5 வரை அங்கே போன்சாய்த் திருவிழா. லீவு நாளாயிற்றே, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று கிளம்பினோம், கையோடு இது வந்தது. 1923 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடிப் போய் 1925இல் உண்டாக்கிய ஊர் அது. அந்தக் காலத்தில் அங்கே குடியேற விதிகளே இருந்தனவாம். ஆளுக்குக் குறைந்தது 10 போன்சாய் வைத்திருக்க வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது. "பத்து!" என்று ரயிலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். விட்டால் வீட்டுத் தரகரைத் தேடக் கிளம்பிவிடுவாரே என்று நான் தூங்குவதுபோல் நடித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மெகிரி, அதாவது தளிர் வெட்டு, நடந்தது. கறுப்புப் பைன் வசந்தத்தில் நீட்டு நீட்டாகத் தளிர் விடும். அதை ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் அடியோடு வெட்டிவிட வேண்டும். மரம் பதறிப்போய் மறுபடி தளிர்க்கும். மிச்சம் இருக்கும் கோடை கொஞ்சம்தான் என்பதால் இந்தத் தடவை ஊசிகள் குட்டையாக வரும். குட்டை மரத்துக்குக் குட்டை ஊசி வேண்டுமாம், அதற்குத்தான் இத்தனை கொடுமையும். நன்றாக உரம் போட்டுத் தேற்றிய மரம்தான் இதைத் தாங்கும், வெள்ளைப் பைனுக்கு இது ஆகவே ஆகாது. இதிலும் ஒரு சூட்சுமம்: நோஞ்சான் தளிர்களை முதலில் வெட்டி, தடியன்களைப் பத்து நாள் விட்டு வெட்டினால், நோஞ்சான்கள் முந்திக்கொண்டு கிளம்பிவிடும். கடைசியில் எல்லாம் ஒரே அளவாக வரும்.

ஆக, நோஞ்சான்களுக்கு வெட்டு முடிந்தது. உச்சியில் இருந்த தடியன்களை விட்டுவைத்து மறுநாள் ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அத்தை காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்தார். "ஏம்மா, பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டானே! சின்ன வயசிலேருந்தே இவன் எதையும் முழுசா முடிக்க மாட்டான்." எனக்குக் குக்கர் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. நான் வந்து பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருந்தது. ரங்கமணியின் தனிக் கத்தரிக்கோல் பூட்டின பெட்டிக்குள் இருக்கிறதே, அதனால் பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோல். உச்சியில் ஒரு தளிர்கூட மிச்சமில்லை. போதாததற்கு, எட்டின ஊசிகளையெல்லாம் ஒட்ட நறுக்கிக் கிராப்பு வைத்திருந்தார். ஊசியைக் குறுக்கே நறுக்கினால் நுனி பழுப்பாகிவிடும் என்பது அந்த வகுப்பில் முதல் பாடம்.

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்றார் அத்தை, கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டே. "ரெண்டாவதை நான் செய்யல. அதான் இப்படி இருக்கான்."

சாயங்காலம் ரங்கமணி வந்தார். கத்தவில்லை. மரத்துக்கு முன்னால் போய் இடுப்பை மடித்துக் குனிந்தார். மன்னிப்புக் கேட்டாரா, மிச்சம் இருப்பதை எண்ணினாரா, தெரியவில்லை. அப்புறம் அம்மாவை உட்கார வைத்து வகுப்பு. தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ளவே மூன்று வருடம் ஆகும் என்று இங்கே சொல்வார்கள் என்றார். அடுத்தது ஹிரோஷிமா. 1625இலிருந்து வளர்த்து வந்த ஒரு வெள்ளைப் பைன், யமாகி என்ற குடும்பத்தினுடையது. குண்டு விழுந்த இடத்திலிருந்து 3 கிலோமீட்டர்தான். தோட்டச் சுவர் மறைத்ததால் தப்பித்தது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது, 2001இல் அந்த வீட்டுப் பேரன்கள் போய்ச் சொன்ன பிறகுதான் அங்கே தெரிந்தது. "எவ்வளவு பொறுமை பாரும்மா!"

"குண்டு போட்டவனுக்கேவா தூக்கிக் கொடுத்தாங்க?" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது கிடக்கட்டும். அத்தனை வருஷமும் தினம் தண்ணி ஊத்தினது யாரு?"

"அந்தக் குடும்பம்தாம்மா. தலைமுறை தலைமுறையா."

"குடும்பம்னா? அந்த வீட்டு மருமகளுங்கதான் ஊத்தியிருப்பாங்க."

நான் காயாத துணியை மடிக்க ஆரம்பித்தேன். ஆகஸ்ட் வெயிலில் இந்தச் சின்னத் தொட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். இங்கே பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விடுவதும் அப்போதுதான். ரங்கமணிக்கு ஆபீஸ் செலவில் சென்னைப் பயணம் எப்படியும் வந்துவிடும், ஊரைப் பார்த்துவிட்டு வருவார். நானும் பிள்ளைகளும் மரத்துக்குக் காவல். என் அம்மா பேரப்பிள்ளைகளை வாட்ஸ்அப்பில்தான் வளர்க்கிறார். இதை நான் அத்தையிடம் சொன்னதே இல்லை.

"எனக்கு ஜூலை கடைசியிலதானே டிக்கெட்டு? அதே ஃப்ளைட்ல இவளுக்கும் பிள்ளைங்களுக்கும் போடு. லீவு முழுக்க அவங்க அம்மாகிட்ட இருந்துட்டு வரட்டும். மரத்துக்கு நீ ஊத்து."

"அம்மா, ஆகஸ்ட்ல எனக்கு ஆபீஸ்ல..."

"கத்துக்க மூணு வருஷம் ஆகும்னு நீதானே சொன்ன? ஆரம்பி."

டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜன்னல் சீட் பெரியவனுக்கா சின்னவளுக்கா என்று உள்ளே அடிதடி நடக்கிறது.