செம்புக் கம்பியை விட்டு 4ஜி ரவுட்டருக்கு மாறுகிறவர்களுக்கு

உங்கள் ஒழுங்கைக்குள் ஃபைபர் வந்துவிட்டதென்றால் அதையே எடுங்கள், 4ஜி பக்கம் போகத் தேவையில்லை. இந்தப் பதிவு யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஏடிஎஸ்எல், அதாவது பழைய செம்பு டெலிபோன் கம்பியில் வருகிற இணையம், வைத்திருக்கிறவர்களுக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீற்றர் தள்ளியிருந்தால் அந்த லைனில் வேகம் தானாகவே விழும். மாரி தொடங்கினால் கம்பி மூட்டுகளுக்குள் தண்ணி இறங்கி லைன் இரையும். கரையோரங்களில் உப்புக்காற்று செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும்.

மாற நினைக்கிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, எந்தப் பக்கேஜ் நல்லது என்பதுதான். அதற்கு முதல் கேட்கவேண்டியது வேறொன்று: ரவுட்டர் வீட்டில் எந்த இடத்தில் இருக்கப்போகிறது?

ரவுட்டரில் எரிகிற சிக்னல் கோடுகளை நம்பவேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போல ஒரு முகவரி இருக்கும். பிரவுசரில் அதை அடித்து உள்ளே போனால் ஆர்எஸ்ஆர்பி (RSRP), எஸ்ஐஎன்ஆர் (SINR) என்று இரண்டு எண்கள் தெரியும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். -90ஐச் சுற்றி இருந்தால் நல்லது, -110க்குக் கீழே போனால் கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்ற கணக்கு. 13க்கு மேல் இருந்தால் நிம்மதி, 20 கிடைத்தால் அருமை, பூச்சியத்தைத் தொட்டால் கோடு முழுக்க எரிந்தாலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டாவது எண்தான் ஆளைக் கவிழ்ப்பது. எங்கட நிலம் தட்டை, மறைக்க மலை இல்லை. அதனால் ஒரு வீட்டுக்கு மூன்று நாலு டவர்களின் சிக்னல் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் வந்து ஒன்றையொன்று குழப்பும். கடலேரிக் கரையில் இருக்கிற வீடுகளில், ரவுட்டர் பக்கத்து டவரை விட்டுவிட்டு அக்கரை டவரைப் பிடித்துத் தொங்குவதும் நடக்கும். இதற்கு மருந்து உயரமான கம்பம் அல்ல. வேண்டிய டவரைப் பார்த்த ஜன்னலோரம் ரவுட்டரை வைத்து, மற்ற டவர்களை வீட்டுச் சுவரே மறைக்கும்படி விடுவதுதான். வீட்டை இப்படி மறைப்பாகப் பாவித்தால் ஆர்எஸ்ஆர்பி கொஞ்சம் குறைந்தும் எஸ்ஐஎன்ஆர் கூடும், வேகமும் கூடும்.

சோதிக்கிற முறை சிம்பிள். ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் ரவுட்டரைக் கொளுவி, ஒவ்வொரு ஜன்னலிலும் ஐந்து நிமிசம் வைத்து இரண்டு எண்களையும் குறியுங்கள். வேகத்தைக் காலையில் ஒருக்கா, இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒருக்கா பாருங்கள். காலையில் 30 எம்பிபிஎஸ் காட்டுகிற இடம் இரவில் நாலுக்கு இறங்கினால் அது டவரில் நெரிசல்; ரவுட்டரைத் திருப்பித் தீராது, வேறு நிறுவனத்தைப் பாருங்கள். போனில் வேகம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பாதிச் சோதனைதான். போன் ஒரு அலைவரிசையிலும் வீட்டு ரவுட்டர் இன்னொன்றிலும் ஓடலாம். 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை, 900இல் வருகிற சிக்னலைப் போலச் சுவரைத் துளைக்காது. கொங்கிறீற் பிளாட்டும் தகரக் கூரையும் அதை நன்றாகவே மறிக்கும். பனை அவ்வளவு மோசமில்லை. ஜன்னலுக்கு முன்னால் அடர்ந்து நிற்கிற மாமரம், அதுவும் மழையில் நனைந்த நேரம், மோசம்.

டவருக்கு நல்ல இடம் பெரும்பாலும் மேல்வீட்டு மூலையாகத்தான் அமையும். அங்கேயிருந்து வைஃபை குசினிக்கு வராது. அதற்காக ரவுட்டரை விறாந்தைக்கு இறக்காதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கிற இன்னொரு வைஃபை ரவுட்டரைப் பாவிக்கலாம். 4ஜி ரவுட்டர் 192.168.8.1 என்றால், இரண்டாவதின் முகவரியை 192.168.8.2 ஆக்குங்கள். அதில் டிஎச்சிபியை (DHCP, போன்களுக்கும் கணினிகளுக்கும் முகவரி கொடுக்கிற வேலை) நிறுத்துங்கள். பிறகு கெட் 6 நெட்வேர்க் வயரால் லான் (LAN) துளையிலிருந்து லான் துளைக்கு இணையுங்கள். இணையம் உள்ளே வருகிற வான் (WAN) துளையில் குத்தக்கூடாது, பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டரின் டெலிபோன் துளையிலும் கூடாது. டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டும் போட்டிபோட்டு முகவரி கொடுக்கும். சில போன்கள் வேலை செய்யும், சில செய்யாது, ஏனென்று விளங்காது.

வெளி அன்ரனா வாங்கத்தான் வேண்டுமென்றால் வயரில் கவனம். மலிவான ஆர்ஜி 58 வயர் இந்த அலைவரிசைகளில் ஒரு மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1 டெசிபல் சிக்னலைத் தின்னும். 10 மீற்றர் இழுத்தால் 9 டெசிபல் அன்ரனாவின் முழு லாபமும் வயரிலேயே போய்விடும். ரீவீ அன்ரனா வயர் 75 ஓம், இதற்கு வேண்டியது 50. அதைவிட வெளியில் பூட்டுகிற ரவுட்டரே நல்லது. லான் வயரிலேயே கரண்டும் போகும், 100 மீற்றர் வரை இழுக்கலாம். ஆனால் கூரைக்கு மேல் எதையும் ஏற்றினால் ஐப்பசி கார்த்திகை இடிமின்னலையும் வீட்டுக்குள் அழைக்கிறீர்கள். கம்பத்துக்கு ஏர்த் போடாமல் விடாதீர்கள்.

கரண்ட் போனால் பாவிக்க மினி யூபிஎஸ் விற்கிறார்கள். பெட்டியில் 8800 மில்லி அம்பியர் அவர் (mAh) என்று கிடக்கும். அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ற் செல்லின் கணக்கு. பெருக்கினால் 32 வாட் அவர் (Wh) மட்டும்தான். 8 வாட் எடுக்கிற ரவுட்டருக்கு இழப்புப் போக மூன்று மணித்தியாலம் சொச்சம் வரும். ரவுட்டர் அடப்டரில் 12 வோல்ற் 2 அம்பியர் என்று இருந்தால் 1 அம்பியர் யூபிஎஸ் வாங்காதீர்கள், ஆட்கள் கூடிப் பாவிக்கிற நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும்.

வெளிநாட்டிலிருந்து கமராவில் வீட்டைப் பார்க்கிறவர்கள் உள்ள குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 4ஜியில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக வந்து சேரக்கூடிய இணைய முகவரி, கிடைக்காது. ரவுட்டர் பக்கத்தில் தெரியும் வான் ஐபி 10இல் அல்லது 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள் தொடங்கினால் அதுதான் கதை. வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து விட்டிருந்த டிவிஆர் (கமராப் படங்களைப் பதிகிற பெட்டி) அன்றோடு கனடாவுக்குத் தெரியாது. போர்ட் திறக்காமலே பார்க்க விடுகிற டிவிஆரின் பிடுபி (P2P) வசதியை இயக்கி, கியூஆர் கோடை அங்கே இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி விடுங்கள். அவர்கள் பாசத்தோடு அனுப்புகிற ரவுட்டரையும் பெட்டி திறக்க முதல் பாருங்கள்: பாண்ட் 3 (1800 மெகாஹேர்ட்ஸ்), பாண்ட் 40 (2300 மெகாஹேர்ட்ஸ்) இரண்டும் இருக்கிறதா, அங்கத்தைய நிறுவனத்துக்குப் பூட்டியிருக்கிறதா என்று.

பக்கேஜுக்கு இப்போது வரலாம். எச்டி படம் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். இரவில் இரண்டு மணித்தியாலம் என்றாலே மாதம் 180 ஜிபி. பொதியில் எழுதியிருக்கிற மொத்தத்தில் எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கிற டேட்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். அன்லிமிட்டட் என்றால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்று கேளுங்கள்.

பழைய லைனை ஒரு மாதமாவது வைத்திருங்கள். ஒரு மழைநாளும் ஒரு திருவிழா இரவும் புதிய இணைப்பில் கழியட்டும். வெட்டும்போது 021 இலக்கமும் சேர்ந்து போகும். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் அந்த இலக்கத்தைக் கொடுத்திருந்தால் முதலில் மாற்றுங்கள். பிறகு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்றால் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள். வயரைக் கழற்றி மூலையில் போட்டால் வாடகை நிற்காது, பில் வந்துகொண்டேயிருக்கும்.