வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டார்கள்

முன்பு பணிபுரிந்த நிறுவனத்தில் நடந்த பணக் கையாடல் குறித்த புகாரில் என் பெயரும் இருந்தது. "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க" என்று காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். எழுத்துப்பூர்வமான அறிவிப்பைக் கேட்டதும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். குற்ற வழக்குகளுக்கான நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35ஆம் பிரிவு அறிவிப்பை அப்படி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியதைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் மனு கொடுத்த பின்பே காகிதம் கைக்கு வந்தது. அந்தக் காகிதத்தை வாங்காமல் போகாதீர்கள். அதன்படி ஒழுங்காக ஆஜராகி வருபவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், அதற்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்தாக வேண்டும்.

உள்ளே போனதும் வழக்கறிஞரை வாசலிலேயே நிறுத்தினார்கள். வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையைத் தரும், அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு கைதானவர்களுக்குத்தானே என்றார் எழுத்தர். பிரிவின் வாசகம் என்னவோ அப்படித்தான் இருக்கிறது. ஆனால், விசாரிக்கப்படுபவர் வழக்கறிஞர் உடனிருக்க விரும்பினால் அதை மறுக்கக் கூடாது என்று 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதை எழுதிக் கொடுத்ததும், ஆய்வாளர் முணுமுணுத்துக்கொண்டே எதிரில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பேச்சு காதில் விழாது, ஆள் மட்டும் தெரியும். அதுவே பெரிய தெம்பாக இருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசமைப்பின் 20(3) உறுப்பு இருக்கிறதென்று எல்லாவற்றுக்கும் வாய்மூடி இருந்துவிட முடியாது. பணியில் சேர்ந்த தேதி, பொறுப்பு போன்றவற்றைச் சொன்னேன், "பணத்தை யாரிடம் கொடுத்து வைத்தாய்?" என்று, நான் எடுத்ததாகவே வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு, என்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்று மட்டும் கூறினேன். ஆய்வாளரின் குரல் உயர்ந்தது. கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

கடைசியில் எழுத்தர் நீட்டிய தாள்களில் மூன்றாவது, பாதிக்குக் கீழே வெறுமையாக இருந்தது. கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. போலீசார் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் அதைக் கொடுத்தவர் கையெழுத்திடக் கூடாது என்று அதே சட்டத்தின் 181ஆம் பிரிவு சொல்வதால் மறுத்துவிட்டேன். "எல்லாரும் போடுகிறார்கள், உங்களுக்கு என்ன?" என்ற எரிச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஆஜரானதற்கான பதிவில் மட்டும் நேரத்தையும் குறித்துக் கையெழுத்திட்டேன்.

காவல் நிலையக் கண்காணிப்புக் கேமரா பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அன்றைய பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோரி மறுநாளே பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.