ஒரே புழுவில் வளர்ந்தவர்கள்

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஒட்டுண்ணி வளர்ப்பகத்தில் சேர்ந்த நாளில் என் கையில் கொடுத்தது, பஞ்சடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கார்சைரா என்ற அரிசி அந்துப்பூச்சியின் புழு ஒன்று மயங்கிக் கிடந்தது. அதன்மேல் கறுப்பு எறும்புக்குச் சிறகு முளைத்தது போல ஒரு குளவி. தென்னையின் கருந்தலைப் புழுவுக்கு எமன். கோனியோசஸ் நெஃபான்டிடிஸ் என்று பெயர். நாங்கள் பெத்திலிட் என்போம்.

புழுவைக் கொட்டி மயக்கி, பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்த பிறகும் இந்தத் தாய் நகரமாட்டாள். குஞ்சுகள் புழுவை உறிஞ்சி வளர்ந்து கூடு கட்டும்வரை காவல் இருப்பாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு இளகிவிடும்.

தோப்புக்காரர்கள் வரிசையாக வந்து நின்ற ஒரு கோடையில் குழாய் பற்றவில்லை. முட்டை வைத்திருந்த ஒருத்தியின் குழாயிலேயே வேறொரு குழாயில் பிறந்தவளையும் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் பழையவளுக்குக் கால் ஒடிந்திருந்தது. புழுவின் முதுகில் ஒரு முட்டைகூட இல்லை. "வேற வீட்டுப் பொண்ணக் கொண்டுபோய் விட்டா சும்மா இருக்குமா தம்பி?" என்றார் கூட வேலை பார்த்த அக்கா.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. இதே இனத்தின் உறவுக்காரி, கலிஃபோர்னியா பாதாம் தோப்புகளில் விடப்படும் கோனியோசஸ் லெக்னெரி. அதில் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள்: புழுவுக்காக இரண்டு பெண்கள் மோதும்போது, எதிரில் நிற்பது சொந்தமா என்பதையும், ஒரே புழுவைத் தின்று வளர்ந்ததா என்பதையும் பொறுத்துச் சண்டையின் உக்கிரம் மாறுகிறது. ரத்தமும் சோறும் இரண்டுமே அடையாளம்.

ஆனால் இணை சேர்வதில் சொந்தத்தை விலக்குவது கிடையாது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஆண்தான். அவன் கூடப்பிறந்தவர்களோடுதான் சேர்கிறான். சகோதரிகளுக்காகச் சகோதரர்களே போட்டியிடும் இடத்தில் நிறைய மகன்கள் வீண் என்று பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1967இல் விளக்கியது இந்தக் குழாய்க்குள் கண்ணெதிரே நடக்கிறது. இது தெரியாமல் ஒருமுறை கூடுகளைச் சீக்கிரமே பிரித்துப் பெண்களைத் தனித்தனியாக வைத்தேன். ஆணோடு சேராத பெண்ணும் முட்டை வைக்கும், ஆனால் பிறப்பது எல்லாம் ஆண். அந்த வாரம் தோப்புக்கு அனுப்ப ஒன்றும் தேறவில்லை.

அப்புறம் ஒரு புழுவில் பிறந்தவற்றை, ஆணும் பெண்ணுமாக, ஒரே குழாயில் இரண்டு நாள் தேன் வைத்து விட்டுவிடுவேன். கொண்டுபோகிறவர்களிடம் மறக்காமல் சொல்வதும் உண்டு: "கொண்டையில விடாதீங்கண்ணா, சிலந்தி பிடிச்சுரும். அடிமரத்துல விடுங்க, தானா ஏறிக்கும்."