அம்மாவின் காது

ஜூன் 4
காது நன்றாகத்தான் இருக்கிறதாம்.

ஜூன் 5
டாக்டர் மலையாளத்தில் கேட்டார், அம்மா முழித்தாள். தமிழ்க்காரம்மா, பாஷை தெரியாது போல என்று நினைத்துவிட்டார். காலமெல்லாம் பால் சொசைட்டியில் மலையாளத்திலேயே கணக்குச் சொன்னவள்! நான் தமிழில் கேட்டேன். அதற்கும் அதே முழி. அப்புறம் அவளாகவே, தெளிவாகச் சொன்னாள்: "சத்தம் கேக்குது கண்ணு. நீங்க பேசறதுதான் ஏதோ வேத்தூருப் பேச்சாட்ட இருக்குது." சீட்டில் 'தலை வலிக்குதா?' என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு "இல்லையே" என்றாள்.

எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் சரி. காதிலிருந்து மூளைத்தண்டு வரை ஒலி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டும் சரி. ஒலி காதில் விழுந்து மூளைத்தண்டைத் தாண்ட 10 மில்லி செகண்ட்கூட ஆகாது, அதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பழுது அதற்கும் மேலே.

ஜூன் 7
பெரியப்பா வந்து காதோரம் கத்திவிட்டுப் போனார். அம்மா அழுதாள்.

ஜூன் 8
ஸ்கேனில் வலது பக்கம் புது அடைப்பு. இடது பக்கம் எப்போதோ எங்களுக்கே தெரியாமல் வந்து போன ஸ்ட்ரோக்கின் தழும்பு. இரண்டும் டெம்போரல் லோபில், அதாவது காதுக்கு மேலே மூளையின் பக்கவாட்டுப் பகுதியில். ஒவ்வொரு காதின் ஒலியும் மூளையின் இரண்டு பக்கத்துக்கும் போகிறது, அதனால் ஒரு பக்கம் கெட்டாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இரண்டிலும் அடி. மூளையின் மேலடுக்கில் ஒலி முதலில் போய்ச் சேரும் இடம் வெளியே தெரியாதபடி ஒரு மடிப்புக்குள் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஹெஷல் பெயரில். அதில் கீழ் சுருதிக்கு ஓரிடம், மேல் சுருதிக்கு ஓரிடம் என்று வரிசையாக இருக்கிறதாம்.

சுருதி இருக்கட்டும். எனக்குத் தூக்கம் வராமல் அடிப்பது நேரம். ஓர் ஒலிக்கு நடுவே 2, 3 மில்லி செகண்ட் இடைவெளி விழுந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். அம்மாவைப் போன்றவர்களுக்கு இரண்டு டிக் சத்தத்தை இரண்டென்று பிரிக்கவே அதைப்போலப் பல மடங்கு இடைவெளி வேண்டியிருக்கிறது. க, ட, ப மூன்றையும் பிரித்துக் காட்டும் அடையாளமோ ஏறத்தாழ 40 மில்லி செகண்டில் முடிந்துபோகிறது. இதில் சத்தத்தைக் கூட்டி என்ன பயன்? கத்தினால் எழுத்துகள் விலகியா நிற்கும்?

ஜூன் 9
பால் வண்டி ஹாரன் கேட்டதும் எழுந்து போய்க் கேனை எடுத்து வைத்தாள்! யாரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இனி யாராவது 'செவிடு' என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

ஜூன் 12
வேலந்தாவளம் வரைக்கும் மழையாம். இங்கே ஒரு தூறல்கூட இல்லை. இன்று ஒன்றும் முடியவில்லை.

ஜூன் 15
பேச்சுப் பயிற்சி. பயிற்சி தரும் பெண் வாயை மறைத்துக்கொண்டு "பால்" என்றாள்.

"ஆல்னு கேக்குது. பாலா, காலான்னு தெரியல" என்றாள் அம்மா.

"பல்" என்றபோது, இது குட்டையாக இருக்கிறது என்றாள். ஆக, குறிலும் நெடிலும் தெரிகிறது! உயிரெழுத்து நீண்டு நிற்பதால் பிடிபடுகிறது, வல்லினம் தெறித்து ஓடிவிடுகிறது. கையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னதும், உதடு ஒட்டுவதைப் பார்த்து "பால்" என்றாள். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது.

ஜூன் 16
பெரியப்பாவை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். சத்தம் வேண்டாம், முகத்தைக் காட்டி, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டுச் சொல்லுங்க. மனுஷர் எதிரே உட்கார்ந்து, "அம்மிணி... சோறு... உண்டாச்சா?" என்றார். ஒரே தடவைதான்.

"ஆச்சுங்க" என்றாள் அம்மா.

ஜூன் 18
காலையில் மறுபடி எதுவும் புரியவில்லை. சீட்டுதான். ராத்திரி சரியாகத் தூங்காததாலா? டாக்டர் ஃபோனை எடுக்கவில்லை.

ஜூன் 19
சித்தியோடு பேச வேண்டும் என்கிறாள். வெறும் ஃபோனில் உதடு தெரியாது. வீடியோ கால் போடலாம்தான், ஆனால் இங்கே டவர் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் மாறி மாறித் தாவும், படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் வரும். நமக்கே எரிச்சலாக இருக்கும், அவளுக்கு அந்த உதடுதான் பிடிமானம். மொட்டை மாடியில் சிக்னல் கொஞ்சம் நிற்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்குச் சித்தியைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், மெதுவாகப் பேசச் சொல்லி