பேஸ் அடித்தால் அணைந்துபோகும் ஆம்ப்

காரில் ஆம்ப் (பாட்டின் ஒலியை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர்) பொருத்திய பிறகு வரும் மின்கோளாறுகளுக்குக் கோலாலம்பூரில் வழக்கமாக நடக்கும் வைத்தியம் பொருளை மாற்றுவதுதான். பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) அடிக்கும்போது முன்விளக்கு மங்குகிறது என்று சொன்னால் ஒரு ஃபேரட் கபாசிட்டரை, அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துத் தரும் டப்பாவை, மாட்டி அனுப்புகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய பேட்டரி. அதற்கும் அடங்காவிட்டால் ஆம்ப்பே போய்விட்டது என்று வேறொன்றைக் காட்டுகிறார்கள். இவ்வளவு செலவுக்கும் நடுவில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆம்ப்பின் முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று ஒருவரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் வரிசையாக இருக்கும் மின்னணுச் சாமான் கடைகளில் ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும்போது, நூற்றுக்கணக்கான வெள்ளியை ஊகத்தின் பேரில் செலவழிப்பது எனக்குப் புரியாத வழக்கம்.

செந்தூலில் இருக்கும் என் தங்கையின் கணவர் தம்முடைய மைவி காரில் 500 வாட் மோனோ ஆம்ப் ஒன்றையும் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்றையும் பொருத்தியிருந்தார். பகலில் தனியாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருந்தது. மாலையில் ஜாலான் ஈப்போ நெரிசலில், ஏர்கான் ஓட, முன்விளக்கு எரிய, மழைக்கு வைப்பரும் ஆட ஆரம்பித்தால், ஓங்கி வரும் ஒவ்வொரு பறையடிக்கும் ஆம்ப் சிவப்பு விளக்கைக் காட்டி அணைந்து, ஒரு நொடி கழித்து மீண்டும் உயிர் பெற்றது. அத்துடன், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குரல் உயரும் ஒரு மெல்லிய ஊளைச் சத்தமும் முன் ஸ்பீக்கர்களில் கேட்டது. "மச்சான், கடையில் கபாசிட்டர் போடச் சொல்றாங்க, போட்டுடவா?" என்று கேட்டார். "பொறுங்க மாப்பிள்ளை, அளந்து பார்த்துட்டுப் போடலாம்" என்றேன்.

கபாசிட்டரைப் பற்றிய கணக்கை அவருக்கு முதலிலேயே போட்டுக் காட்டினேன். ஒரு ஃபேரட் கபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும் வரை தரக்கூடிய ஆற்றல் 26 ஜூல். 500 வாட்டை இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். அதன் பிறகு அந்தக் கபாசிட்டரை மறுபடி நிரப்புவதும் அதே ஆல்டர்னேட்டர்தான் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி), அதே வயர்தான். வழியில் தடை இருந்தால் கபாசிட்டரும் அந்தத் தடைக்குப் பின்னால் பட்டினி கிடக்கும்.

ஆம்ப்புக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பது எளிய வகுத்தல். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, இன்ஜின் நின்றிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 13.8 முதல் 14.4 வரை தூக்கி நிறுத்தும். கிளாஸ் டி வகை ஆம்ப் நூற்றுக்கு எண்பது பங்கு திறனுடன் இயங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 500 வாட் வெளியே வருவதற்கு 45 ஆம்பியர் உள்ளே போக வேண்டும். பழைய கிளாஸ் ஏபி வகையாக இருந்தால் 65 ஆம்பியருக்கும் மேல். இவ்வளவு மின்னோட்டம் பாயும் இடத்தில் 20 மில்லிஓம் தடைகூட ஏறக்குறைய ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மீட்டரை ஓம் நிலையில் வைத்து எர்த் வயரை (ஆம்ப்பிலிருந்து காரின் உலோக உடம்புக்குப் போகும் வயர்) சோதித்தால் 0.2 அல்லது 0.3 என்று காட்டும். அதன் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதையேதான் காட்டும். ஆகவே "எர்த்தை ஓம் வைத்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்தச் சோதனையால் எதுவும் தெரியவரவில்லை என்றே பொருள். மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது இரு புள்ளிகளுக்கு இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதுதான் இங்கே உதவும்.

அதற்கு ஒரு நிலையான சுமை தேவை. பாட்டு போட்டால் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும்; கைப்பேசியில் 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இறக்கி ஓடவிட்டால் எண் அசையாமல் நிற்கும். நீண்ட நேரம் ஓடவிடக் கூடாது, வாய்ஸ் காயில் (சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) சூடேறிவிடும். அளக்கும் சில நொடிகளுக்கு மட்டும் ஒலியைத் திறந்து மூடினால் போதும். பேட்டரி போனட்டுக்குள்ளும் ஆம்ப் காரின் பின்பக்கச் சாமான் பெட்டியிலும் இருப்பதால் மீட்டர் ஊசி எட்டாது என்று பலர் தயங்குவார்கள். மீட்டர் வழியாகப் பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால், பழைய தொலைபேசி வயர் ஒன்றை நீட்டித்து ஊசியோடு சுற்றிக்கொண்டால்கூட அளவு சரியாகவே வரும். சன்னலுக்கு வெளியே அதை விட்டு முன்னிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டோம்.

இன்ஜினை 1,500 சுற்றில் நிறுத்தி, ஏர்கானை அணைத்து, ஒலியை ஏற்றியபோது வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் 40 ஆம்பியர் காட்டியது. (மலிவான கிளாம்ப் மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தை மட்டுமே அளக்கும், கார் மின்சாரத்தை அளக்காது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளவும்.) பேட்டரியின் மீது 13.9 வோல்ட், ஆம்ப்பின் முனையில் 11.6. இடையில் 2.3 வோல்ட் காணாமல் போயிருந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஆம்ப்பின் பாசிட்டிவ் திருகு வரை அளந்தால் 1.3, ஆம்ப்பின் எர்த் திருகிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனை வரை அளந்தால் 1.0. கணக்கு சரியாக முட்டியது. நெரிசலில் இன்ஜின் வெறுமனே சுற்றும்போது, ஏர்கானும் விளக்கும் சேர்ந்து பேட்டரியையே 12.5 அளவுக்கு இறக்கிவிட்டால், ஆம்ப்பில் மிஞ்சுவது பத்தைச் சற்றுத் தாண்டிய வோல்ட்தான். பெரும்பாலான ஆம்ப்கள் தற்காப்புக்காக அணைந்துகொள்ளும் எல்லை அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆம்ப்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

பாசிட்டிவ் பக்கத்து 1.3 வோல்ட்டில் 0.6 வோல்ட், பேட்டரிக்கு அருகில் இருந்த ஃபியூஸ் கூட்டின் இரண்டு திருகுகளுக்கு நடுவிலேயே விழுந்தது. அந்தக் கூட்டைக் கழற்றிப் பார்த்தபோது நிலைமை கண்கூடாகத் தெரிந்தது. ஒளி ஊடுருவும் மூடியின் ஒரு மூலை தேன் நிறத்தில் வெந்து உள்நோக்கி வளைந்திருந்தது, வயரின் மெல்லிய இழைகள் திருகின் முனை அழுத்திய இடத்தில் இரு பக்கமும் ஒதுங்கி, நடுவில் நான்கைந்து இழைகள் மட்டுமே திருகைத் தொட்டுக்கொண்டிருந்தன, அவையும் கறுத்துப்போயிருந்தன. 0.6 வோல்ட்டை 40 ஆம்பியரால் பெருக்கினால் 24 வாட், அதாவது ஒரு சிறு சால்டரிங் இரும்பின் சூடு, அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் மட்டும் போகவில்லை. போகவும் போகாது, மின்னோட்டம் அளவுக்குள்தான் இருந்தது, சூடு வந்தது இணைப்பிலிருந்து. ஃபியூஸ் என்பது வயர் எங்காவது காரின் உலோக உடம்பில் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பதற்காக இருக்கிறது. அதனால்தான் அதைப் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். தளர்ந்த திருகை அது கண்டுகொள்ளாது.

மீதி 0.7 வோல்ட் வயரிலேயே போனது. வயரின் மேலே 8 கேஜ் என்று அச்சிட்டிருந்தது (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). ஓர் இழையைக் கத்தியால் சுரண்டியதும் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம் என்ற இந்த வகை, தூய செம்பின் கடத்தும் திறனில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தராது. 8 கேஜ் தூய செம்பு மீட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிஓம். 4 கேஜ் என்றால் 0.8. ஐந்து மீட்டர் ஓட்டத்துக்கு 4 கேஜ் தூய செம்பு இழுத்திருந்தால் 40 ஆம்பியரில் 0.16 வோல்ட்தான் விழும். பெட்டியில் கிட் என்று மொத்தமாக விற்கும் வயர்களில் தடித்த ரப்பர் உறையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். உறைக்குள் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதை வெட்டு முனையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எர்த் பக்கம் இன்னும் சுவாரசியமானது. பொருத்தியவர் பின்சீட்டு பெல்ட்டின் போல்ட்டை அவிழ்த்து, அதன் அடியில் எர்த் வயரின் வளையத்தைச் சொருகி இறுக்கியிருந்தார். வளையத்தைத் தூக்கிப் பார்த்தால், அடியில் காரின் வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. போல்ட்டின் மறைகளின் வழியாக மட்டுமே மின்னோட்டம் போய்வந்திருக்கிறது, அந்த மறைகளிலோ பூட்டுப்பசை தடவியிருந்தது. மின்சாரத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் அந்த இடம் ஆகாது. விபத்தில் ஆளைத் தாங்க வேண்டிய போல்ட்டுக்கு அடியில் வேறொன்றைச் செருகுவதை நான் எந்தக் காரிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்பக்கச் சாமான் பெட்டியின் தரையில், பெட்ரோல் தொட்டியும் குழாயும் கீழே இல்லை என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, தனியாக ஒரு போல்ட் துளையிட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை பெயிண்டை உரசியெடுத்து, பற்களுள்ள வாஷர் வைத்து இறுக்கினோம். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் உரசிய இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவி மூடினோம். 

அந்த எர்த் பழுதுக்கும் ஊளைச் சத்தத்துக்கும் உறவு உண்டு. எர்த் வழி குறுகலாக இருந்தால், ஆம்ப்பிலிருந்து திரும்ப வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி ஆர்சிஏ கேபிளின் (பிளேயரிலிருந்து ஆம்ப்புக்கு இசையைக் கொண்டுவரும் கேபிள்) மேலுறை வழியாக முன்னால் இருக்கும் பிளேயருக்குப் போய், அங்கிருந்து உடம்பில் இறங்கப் பார்க்கும். ஆல்டர்னேட்டரின் அலைவு அந்த வழியில் இசையோடு கலந்துவிடும். இன்ஜின் சுற்று ஏறினால் அதன் சுருதியும் ஏறும். சில பிளேயர்களில் ஆர்சிஏ எர்த்துக்கு மிக மெல்லிய உள் ஃபியூஸ் ஒன்று இருக்கும். இந்தத் திரும்பு மின்னோட்டம் அதை எரித்துவிட்டால், எர்த்தைச் சரிசெய்த பிறகும் ஊளை நிற்காது. இன்ஜினை அணைத்து, ஆர்சிஏ கேபிளைப் பிளேயரிலிருந்து கழற்றி, அந்தச் சாக்கெட்டின் வெளிவளையத்துக்கும் பிளேயரின் உலோக உடம்புக்கும் இடையே ஓம் பார்த்தால் இது தெரிந்துவிடும். சுழியை ஒட்டி இருந்தால் நலம், திறந்திருப்பதாகக் காட்டினால் எரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் பிளேயர் தப்பியிருந்தது. இதனால்தான் ஆம்ப்பைக் கழற்றும்போது பாசிட்டிவை முதலிலும் எர்த்தைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். பாசிட்டிவும் ஆர்சிஏயும் இருக்க எர்த்தை மட்டும் பிடுங்கினால் முழு மின்னோட்டமும் ஆர்சிஏ உறையைத் தேடிப் போகும்.

எர்த் மாறியதும் ஊளை பெரும்பாலும் போய்விட்டது, காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் கொஞ்சம் கேட்டது. ஆம்ப் பக்கத்தில் ஆர்சிஏயைப் பிடுங்கியதும் அதுவும் நின்றதால், மீதிச் சத்தம் ஆர்சிஏ வழியாகத்தான் வருகிறது என்று தெரிந்தது. பவர் வயரும் ஆர்சிஏயும் ஒரே கதவுப் படியின் கீழ் கட்டிப்போட்டிருந்தன. ஆர்சிஏயை எதிர்ப்பக்கம் மாற்றி இழுத்தோம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லாமே வோல்ட் குறைவு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. வெயிலில் நின்ற காரில் அரை மணி நேரம் பாடிய பிறகு அணைந்து, ஆறியதும் வேலை செய்தால் அது சூடு. சாவியைத் திருப்பியவுடனேயே அணைந்தால் ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது பச்சை விளக்கு வந்தால், கதவுக் கீலில் நசுங்கிய வயர் ஏதோ உடம்பைத் தொடுகிறது, அல்லது சப்வூஃபரின் ஓம் ஆம்ப் தாங்கும் அளவுக்குக் கீழே போயிருக்கிறது. நான்கு ஓம் காயில்கள் இரண்டையும் இணையாகக் கட்டினால் இரண்டு ஓம். மீட்டரில் அது சற்றுக் குறைவாகவே காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எல்லா வயரையும் கழற்றிய பிறகும், சரியான வோல்ட் வந்தும், சிவப்பே எரிந்தால்தான் ஆம்ப்பைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும்.

ஆம்ப்பை எழுப்பவும் அணைக்கவும் பிளேயரிலிருந்து வரும் ரிமோட் வயரையும் பார்த்தோம். சாவியை உருவிய பிறகு அதில் சுழி வோல்ட் இருக்க வேண்டும். அதை நிரந்தர மின்வழியில் கட்டியிருந்தால், பாடாமல் விழித்திருக்கும் ஆம்ப் மட்டுமே ஏறக்குறைய ஓர் ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டு இரவு நின்றாலே காலையில் ஸ்டார்ட் ஆகாது. இங்கே அது சரியாகத்தான் இருந்தது.

புதிய செம்பு வயர், புதிய ஃபியூஸ் கூடு, புதிய எர்த் ஆகியவற்றுடன் அதே 40 ஆம்பியரில் ஆம்ப்பின் முனையில் 13.6 வோல்ட் நின்றது. கபாசிட்டர் வாங்கவில்லை. நெரிசலில் ஏர்கானோடு நிற்கும்போது முன்விளக்கு இன்னமும் லேசாக மங்குகிறது. அந்த நேரத்தில் பேட்டரியின் மீதே 12.5 வோல்ட்தான் இருப்பதால், அது வயரின் குறை அன்று, வெறும் சுற்றில் சிறிய ஆல்டர்னேட்டர் தரக்கூடியது அவ்வளவே. பெரிய ஆல்டர்னேட்டருக்கு விலை விசாரித்த மாப்பிள்ளை, இப்போதைக்குச் சிக்னலில் நிற்கும்போது பேஸை இரண்டு படி இறக்கிக்கொள்கிறார்.