முட்டை காணாமல் போன மதியம்

மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதிக்கக் கிளம்பினோம். முதல் பயணம் பள்ளி வாசலோடு முடிந்தது. பெற்றோர் கையெழுத்து இருந்தது, சுகாதாரத் துறை அனுமதி இருந்தது, கல்வி அலுவலகக் கடிதம் மட்டும் இல்லை. "மலம் வாங்கிட்டுப் போறீங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சார் சொல்றது?" என்றார் தலைமை ஆசிரியர். நியாயம்தான். எழுபது கிலோமீட்டர் மலை இறங்கினோம். கடிதம் வர ஒன்பது நாள் ஆனது.

அடுத்த முறை 50 டப்பா கொடுத்து 38 வாங்கினோம். அதில் நாலாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேருடையது ஒரே நிறம், ஒரே பதம். விசாரித்தால் சிரிக்கிறார்கள். இரண்டு பேருக்குக் காலையில் வரவில்லையாம், மூன்றாமவன் பங்கு கொடுத்திருக்கிறான்! மூன்றையும் ஒதுக்கினோம். வராவிட்டால் மறுநாள் தரலாம் என்று டப்பா கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டப்பாவின் வரிசை எண்ணை மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும்.

பெரிய சொதப்பல் என்னுடையது. மலத்தில் புழு முட்டைகளை எண்ணும் கேட்டோ-காட்ஸ் முறைக்கு மெஷின் வேண்டாம். சலித்த மலத்தை அச்சுத் துளையில் நிரப்பினால் 41.7 மில்லிகிராம். மேலே கிளிசரினில் ஊறிய செலோஃபேன். எண்ணிய முட்டைகளை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. ஆனால் மலத்தைத் தெளிய வைக்கும் அதே கிளிசரின், ஓடு மெல்லிய கொக்கிப்புழு முட்டையையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அப்படியிருந்தும் ஸ்லைடுகளைப் பள்ளியிலேயே போட்டு ஜீப்பில் ஏற்றினேன். வழியில் டயர் பஞ்சர். மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தபோது மணி மூன்றரை.

உருண்டைப்புழு முட்டைகள் அங்கங்கே கிடந்தன. கொக்கிப்புழு ஒன்றுகூட இல்லை. மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறுகிற புழு அது; பிள்ளைகள் பாதிப்பேர் வெறுங்காலோடு திரிகிற ஊர் இது. "ஜீரோன்னு எழுதிடவா சார்?" என்றார் டெக்னீஷியன். பேனாவைப் பிடுங்காத குறைதான்.

நல்லவேளை, மீதி மலம் ஐஸ் பெட்டியில் இருந்தது. மறுநாள் காலை புதிதாகப் போட்டு அரை மணி நேரத்தில் பார்த்தோம். முதல் ஸ்லைடிலேயே 11 முட்டை. கிராமுக்கு 264, அதாவது 2000-க்குக் கீழே, லேசான தொற்று. 35 பேரில் ஒன்பது பேருக்கு இருந்தது.

விட்டுப்போன பிள்ளைகளுக்காக மறுபடி போனபோது கண்ணாடி வைத்த பழைய மைக்ரோஸ்கோப்பைக் கையோடு கொண்டுபோனேன். வராந்தா வெளிச்சமே போதும், கரண்டு வேண்டாம். ஐந்தைந்து ஸ்லைடாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் நேரத்தை எழுதி, அங்கேயே பார்த்து முடித்தோம். தலைமை ஆசிரியரும் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிள்ளைகள் நகர்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "டப்பா ஏதாவது மீதி இருக்கா சார்?"