கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் என்ற மருந்து அப்பாவின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய மூன்று முறை ரத்தம் கொடுக்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று முழு வீண், இன்னொன்று பாதி வீண்.

நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சிக்காக அவர் பல ஆண்டுகளாக இன்ஹேலருடன், மெதுவாகக் கரையும் தியோஃபிலின் மாத்திரையைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சாப்பிட்டு வருகிறார். சிறுநீர்த் தொற்றுக்காக வேறொரு மருத்துவரிடம் போனபோது, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அப்பா இன்ஹேலரை மட்டும் சொன்னார். பக்கத்தில் இருந்த நானும் தலையாட்டினேன். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார்கள். மூன்றாம் நாள் குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை. தொற்றின் அசதி என்றே நினைத்தோம். ஏதோ ஒரு படிவத்தில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்பது ஆண்டுகளாக ஒரே இழுப்பில் விழுந்த கையெழுத்து அன்று ரம்பப் பல்லைப் போல் இருந்தது.

நுரையீரல் மருத்துவர் இரண்டு மருந்துகளையும் உடனே நிறுத்தச் சொல்லி, ஈசிஜி எடுத்து, ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். முடிவு மில்லிலிட்டருக்கு 24 மைக்ரோகிராம். மருந்து பலன் தர 10 முதல் 20 வரை இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு; இப்போது பலர் 5 முதல் 15 வரை போதும் என்கிறார்கள்; 20ஐத் தாண்டினால் நச்சு விளைவுகளுக்கு அஞ்ச வேண்டும். வாந்தி வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்கவும் முடியாது, ஏனெனில் முன்னறிகுறி இல்லாமலேயே வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோ வரக்கூடும். ஆனால் மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை: கடைசி மாத்திரைக்கு எத்தனை மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள்? அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. அளவு ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்பதே தெரியவில்லை.

தியோஃபிலினைச் சிதைப்பதில் பெரும்பங்கு கல்லீரலில் உள்ள ஒரு நொதியினுடையது. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியை முடக்கிவிடும் என்று அவர் விளக்கினார். பிறகு, புகைப்பழக்கம் உண்டா என்றார். இரண்டு மாதங்களுக்கு முன்பே விட்டுவிட்டார் என்று நான் பெருமையோடு சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிகரெட் புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் அதே நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்றதும் நொதியின் வேகம் குறைந்து, பழைய அளவு மாத்திரையே அதிகமாகிவிடுகிறது. தூண்டுவது நிகோடின் அல்ல என்பதால், நிகோடின் பட்டை ஒட்டிக்கொண்டாலும் இது மாறாது. புகையை விட்டதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

தொற்றுக்கு வேறு மருந்து கிடைத்தது. தியோஃபிலின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து, காலை மாத்திரைக்குப் பிறகு நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. பரிசோதனைக்கூடத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, வரவேற்பில் இருந்தவர் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "காலையில் வெறும் வயிற்றோடு வந்துவிடுங்கள்" என்றார். சர்க்கரைப் பரிசோதனை என்று நினைத்தாரோ என்னவோ. அப்பா வெறும் வயிறு என்பதை மாத்திரையும் கூடாது என்று எடுத்துக்கொண்டார். 9 மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், முடிவு 6. இரவு மாத்திரைக்குப் பின் பதின்மூன்று மணி நேரம் ஆகியிருந்த அந்த எண்ணை வைத்து அளவைத் தீர்மானிக்க முடியாது என்று மருத்துவர் ஒதுக்கிவிட்டார்.

மூன்றாம் முறை, 11 மணிக்கு மேல் மாதிரி எடுப்பதில்லை என்றார்கள். சீட்டை நீட்டி, அதில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்து, மேற்பார்வையாளர் வரும்வரை நகராமல் நின்றேன். 1.05க்கு ரத்தம் எடுத்தார்கள். குழாயின் சீட்டிலும் படிவத்திலும் "கடைசி மாத்திரை 8.00" என்று எழுதவைத்து, வழக்கம்போல் அவர்கள் குத்தியிருந்த "காலை மாதிரி" முத்திரையின் மேல் கோடு போட்டுத் திருத்தவும் வைத்தேன். முடிவு 11.

இப்போது அப்பாவின் சட்டைப் பையில் ஒரு மருந்துப் பட்டியல் இருக்கிறது. முதல் வரி தியோஃபிலின். இரண்டாவது வரி, அவர் புகையை நிறுத்திய தேதி.